பழுதின் வேரைத் தேடி

நுழையும்முன்

நாடி பார்த்த பின்னரே மருந்து கொடுப்பது நல்ல மருத்துவரின் இயல்பு. இயந்திரத்துக்கும் நாடி உண்டு. அதைப் பார்க்கத் தெரியாதவர் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பொருளை இழக்கிறார். பழுதோ அப்படியே இருக்கிறது. எஞ்சினைப் பிரித்துச் சீரமைத்த பின் இருசக்கர வண்டி மின்னாற்றலை இழப்பது ஏன், அதன் காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மலைப்பாதையில் மங்கிய ஒளி

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வாழும் இளைஞர் ஒருவர், தம் தந்தை ஓட்டிய 12 வோல்ட் புல்லட் வண்டியைப் புதுப்பிக்கிறார் எனக் கொள்வோம். எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டன் பொருத்துகிறார். சட்டகத்துக்குப் புதிய வண்ணமும் பூசுகிறார். வண்டி உடனே உயிர்பெறுகிறது. மகிழ்ச்சியோடு ஏற்காட்டுக்குச் செல்கிறார். இறங்கும்போது இருட்டிவிடுகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அம்மலைப்பாதையின் நடுவே முகப்பு விளக்கு மங்குகிறது, ஒலிப்பான் முனகுகிறது, எஞ்சினும் இடையிடையே திணறுகிறது. வெளிச்சம் இல்லாத வளைவில் வண்டி நிற்பது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

மறுநாள் அவர் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்துகிறார். சில நாள்களில் அதே குறை மீண்டும் தலைகாட்டுகிறது. பேட்டரி பழுதாகவில்லை, அது பட்டினி கிடந்தது. பட்டினிக்குக் காரணம் என்ன என்று அவர் கேட்கவில்லை.

மின்னாற்றல் வரும் வழி

வண்டியின் மின்சாரம் எஞ்சினுக்குள்ளேயே பிறக்கிறது. அச்சுத்தண்டின் முனையில் காந்தம் பதித்த ரோட்டார் சுழல்கிறது. அதைச் சூழ்ந்து ஸ்டேட்டர் எனப்படும் கம்பிச்சுருள் அசையாமல் நிற்கிறது. காந்தப்புலம் மாறும்போது கம்பிச்சுருளில் மின்சாரம் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்தார். அந்த உண்மையே இன்று ஒவ்வொரு வண்டியிலும் பயன்படுகிறது.

ஸ்டேட்டரில் பிறப்பது மாறுதிசை மின்னோட்டம். அதை நேர்திசை மின்னோட்டமாக மாற்றி, அழுத்தம் மிகாமல் கட்டுப்படுத்துவது ரெக்டிஃபையர், ரெகுலேட்டர் ஆகியவற்றின் பணி. அங்கிருந்து மின்சாரம் பேட்டரியை அடைந்து, விளக்கு, ஒலிப்பான், தீப்பொறிச் சுருள் ஆகியவற்றுக்குப் பிரிகிறது. சென்ற மின்சாரம் திரும்பி வர வேண்டும். அத்திரும்பும் வழியாகச் சட்டகமும் எஞ்சினின் உலோக உடலும் பயன்படுகின்றன. இதனைப் பணிமனைகளில் 'எர்த்' என்பர். போகும் வழியில் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது. திரும்பும் வழி தெரிவதில்லை. ஆதலால் பலரும் அதை மறந்துவிடுகின்றனர்.

கை தொட்ட இடங்கள்

பிரிப்பதற்கு முன் நன்றாக இருந்த மின்சுற்று, பூட்டிய பின் கெட்டால் ஐயம் முதலில் எழ வேண்டியது கை தொட்ட இடங்களின் மீதே. எஞ்சினை இறக்குபவர் எர்த் கம்பியைக் கழற்றுகிறார், இணைப்பான்களைப் பிரிக்கிறார், மூடிகளைத் திறக்கிறார். திருப்பிப் பூட்டும்போது கம்பி மூடிக்கு அடியில் நசுங்கியிருக்கலாம். இணைப்பானின் முள் சரியாகப் பதியாமல் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கலாம்.

பழைய புல்லட்டில் ஸ்டேட்டர், முதன்மைச் சங்கிலி ஓடும் பெட்டிக்குள் அமைந்துள்ளது. அதன் கம்பிகளைச் சங்கிலியிலிருந்து விலக்கிப் பொருத்தாவிடில், சங்கிலி உரசி அவற்றின் மேலுறை தேய்ந்துவிடும். ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையிலுள்ள இடைவெளியும் எல்லாப் பக்கமும் சமமாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் உரசினாலும் சுருள் கெடும்.

புதிய வண்ணமும் ஒரு காரணமாகலாம். வண்ணப்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் கம்பியை வண்ணத்தின் மேலேயே வைத்து முடுக்கினால், பார்வைக்கு இணைப்பு உறுதியாகத் தோன்றும். மின்சாரத்துக்கோ அது பாதி மூடிய கதவு.

அளந்து அறிதல்

ஊகத்தை உண்மையிலிருந்து பிரிப்பது மல்டிமீட்டர் என்னும் பன்னோக்கு அளவி. சோதனையைக் கீழ்வரும் வரிசையில் செய்தல் நலம்.

முதலாவது, எஞ்சின் ஓடாத நிலையில் பேட்டரியின் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். முழுமையாக மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதை முதலில் மின்னேற்றம் செய்த பின்னரே மற்றச் சோதனைகளைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, எஞ்சினை ஓடவிட்டு வேகத்தைச் சற்றுக் கூட்டி அளக்க வேண்டும். அளவு 13.5 முதல் 14.5 வோல்ட் வரை உயர்ந்தால் மின்னேற்றம் நன்கு நடைபெறுகிறது. உயரவில்லையெனில் பேட்டரிக்கு உணவு வரவில்லை என்பது பொருள். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரை ஐயுற வேண்டும்.

மூன்றாவது, மின்னேற்றம் இல்லையெனில் ஸ்டேட்டரின் இணைப்பைப் பிரித்து, எஞ்சின் ஓடும்போது அதன் மாறுதிசை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். வேகத்தோடு அளவும் உயர்ந்தால் ஸ்டேட்டர் நலமாக உள்ளது. குறை அதற்கு அப்பால் உள்ளது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டேட்டர் கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மின்தொடர்பு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். கம்பிச்சுருள் உடலோடு தொடர்பற்று இருக்குமாறு அமைந்த வண்டியில் தொடர்பு காட்டினால், எங்கோ கம்பியின் உறை கிழிந்துள்ளது என்று பொருள்.

நான்காவது, எஞ்சின் ஓடும்போது அளவியின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை ரெகுலேட்டரின் எர்த் இணைப்பிலும் வைக்க வேண்டும். நல்ல இணைப்பில் அளவு சுழியை ஒட்டியே இருக்கும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் தடை உள்ளது.

நம் இளைஞர் இவ்வாறு அளக்கிறார். எஞ்சின் ஓடும்போதும் பேட்டரியில் 12.3 வோல்ட்டே உள்ளது. ஸ்டேட்டர் நலமாக இருக்கிறது. நான்காம் சோதனையில் அளவி 1.5 வோல்ட் காட்டுகிறது. பழுது பிடிபட்டுவிட்டது!

சிறு தடை, பெரிய இழப்பு

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்டார். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் அங்கு இழக்கப்படும் மின்னழுத்தம் கிடைக்கும். வண்ணப்பூச்சின் மேல் முடுக்கிய இணைப்பில் 0.3 ஓம் தடை உள்ளது எனக் கொள்வோம். அதன் வழியே 5 ஆம்பியர் மின்னோட்டம் சென்றால் 1.5 வோல்ட் வீணாகிறது. பேட்டரிக்கு வர வேண்டிய 13.8 வோல்ட் 12.3 ஆகக் குறைகிறது. விளக்கு எரியும் ஒவ்வொரு நிமிடமும் பேட்டரி தன் சேமிப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது.

தீர்வு எளியது. இணைப்பிடத்திலுள்ள வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சிடும்படி செய்து, கம்பியை இறுக முடுக்கி, துருப்பிடிக்காதிருக்க மேலே சிறிது கிரீஸ் தடவ வேண்டும். பேட்டரிக்குச் செலவிட்ட தொகையோடு ஒப்பிட்டால் ஓர் உப்புத்தாளின் விலை எம்மாத்திரம்?

(தெரியுமா? 1955ஆம் ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் வண்டிகள் உருவாயின. இங்கிலாந்தில் அவற்றின் தயாரிப்பு நின்றுபோன பின்னரும் தமிழ்நாட்டில் தொடர்ந்தது. பழைய புல்லட்டின் முகப்பில் ஆம்பியர் அளவி ஒன்று உண்டு. எஞ்சின் வேகமாக ஓடும்போதும் அதன் முள் தொடர்ந்து இறக்கப் பக்கமே சாய்ந்திருந்தால் பேட்டரி கரைகிறது என்று அறியலாம்.)

அறிவே முதற்கருவி

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், பிணி இன்னது என அறிந்து, அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறது. பணிமனைக்கும் அது பொருந்தும். விளக்கு மங்குவது நோயின் அறிகுறி. பேட்டரி வறண்டது அதன் விளைவு. வண்ணம் மறைத்த எர்த் இணைப்பே அதன் வேர். விளைவை மட்டும் மாற்றுபவருக்குச் செலவு மீண்டும் மீண்டும் வரும். வேரைக் கண்டவர், அடுத்த முறை எஞ்சினைப் பூட்டும்போதே அந்த இடத்தைத் தேய்த்து வைப்பார். தொழிலில் ஒருவரின் மதிப்பு உயர்வது இத்தகைய கவனத்தால்தான்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள பணிமனைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு ஏற்ற தமிழ்ச் சொற்களை எழுதுக.

2. வீட்டுப் பொருள் ஒன்றில் ஏற்பட்ட பழுதினை எடுத்துக்கொண்டு, அதன் அறிகுறி, விளைவு, வேர் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.