உயிர் காக்கும் கமிட்டி

தீபாவளி நமக்கு ஒரு நாள். திருத்தங்கல் வட்டாரத்துக்கோ அது ஆண்டு முழுவதும் வேலை!

சிவகாசி மாநகராட்சியுடன் சேர்ந்துவிட்ட ஊர் திருத்தங்கல். சுற்றிலும் பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி ஆலைகள், அச்சகங்கள். காலையில் தூக்குச்சட்டியுடன் வேலைக்குப் போனவர்கள் மாலையில் நல்லபடியாகத் திரும்பவேண்டும். வீட்டில் இருப்பவர்களின் கவலை அதுதான்.

அந்தக் கவலை வீண் அல்ல. 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிபட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். உதவிக்கு ஓடி வந்தவர்களும் அதில் பலியானார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதைத் தடுக்க ஒரு வழி, பாதுகாப்பு கமிட்டி.

போபால் தந்த பாடம்

1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு போபால் நகரில் பூச்சிமருந்து ஆலையில் இருந்து விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். அதன் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது.

ஆபத்தான தொழில் நடக்கும் ஆலையில் பாதுகாப்பு கமிட்டி வேண்டும். அதில் தொழிலாளர் எத்தனை பேரோ, நிர்வாகத்தார் அத்தனை பேர் இருக்கவேண்டும் என்று அந்தத் திருத்தம் கூறியது. ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கும் உரிமையையும் தொழிலாளிக்குக் கொடுத்தது.

யார் வேண்டும்?

முதலாளிக்கு வேண்டியவர்களை மட்டும் உட்கார வைத்தால் அது கமிட்டி அல்ல, தலையாட்டும் கூட்டம்! தொழிலாளர் தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுக்கவேண்டும். மருந்து கலப்பவர் ஒருவர், மருந்து செலுத்துபவர் ஒருவர், திரி வேலை செய்யும் பெண் ஒருவர் அவசியம். போர்மேனும் இருக்கவேண்டும். செலவுக்கு உத்தரவு போடக்கூடிய ஒருவரும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பேச்சோடு காரியம் நின்றுவிடும்.

எதைப் பார்ப்பது?

கமிட்டியார் அறை அறையாகப் போய்ப் பார்க்கவேண்டும்.

அறையில் அளவுக்கு மேல் ஆட்கள் உண்டா? மரத்தடியில் வேலை நடக்கிறதா? இரும்புக் கருவி இருக்கிறதா? கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? வழியில் பெட்டிகள் அடுக்கி இருக்கிறதா? மிஞ்சிய மருந்து இரவில் தங்குகிறதா? அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறும். உராய்ந்தாலும் தீப்பிடிக்கும்.

கண்ட குறையை நோட்டில் எழுதவேண்டும். யார் சரி செய்வது, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதவேண்டும். அடுத்த கூட்டத்தில் முதலில் அந்த நோட்டைத்தான் படிக்கவேண்டும். சிறு தீப்பொறி பறந்து தானே அணைந்தாலும் அதையும் எழுதவேண்டும். இன்று தப்பியது நாளை தப்பாது.

கூலி போகலாமா?

இங்கே பலருக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. கூட்டத்துக்குப் போனால் ஒரு மணி நேரக் கூலி போய்விடும் என்றால் யார் வருவார்கள்? அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்கவேண்டும். அவசரத்தை வளர்ப்பதும் எண்ணிக்கைக் கூலிதான். அதைப் பற்றியும் கமிட்டியில் பேசவேண்டும்.

குறை சொன்னவரை மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னால், அன்றோடு எல்லோர் வாயும் அடைத்துவிடும். "இந்த அறையில் இன்று வேலை வேண்டாம்" என்று ஒரு தொழிலாளி பயப்படாமல் சொல்லவேண்டும். நிர்வாகம் அதைக் கேட்டு வேலையை நிறுத்தவேண்டும்.

அப்படி நடக்கும் ஆலையில்தான் கமிட்டி உண்மையில் இருக்கிறது.