பாறையில் நின்ற பைன் விருட்சம்

கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப் பிரதேசத்தில், 8,122 அடி உயரமுள்ள சென்டினல் டோம் என்னும் கருங்கற் சிகரத்தின் மீது, பாறைப் பிளவொன்றில் வேரூன்றி, ஓயாத காற்றினால் ஒரு புறமாகவே வளைந்து முறுகி வளர்ந்திருந்த புராதனமான ஜெஃப்ரி பைன் விருட்சம், 19ஆம் நூற்றாண்டில் கார்ல்டன் வாட்கின்ஸ், 1940இல் ஆன்சல் ஆடம்ஸ் ஆகிய புகைப்பட மேதைகளைத் தன்பால் ஈர்த்து, புகைப்படக் கலையின் சரித்திரத்திலேயே ஸ்திரமானதோர் இடம் பெற்றது. வானளாவ நிமிர்ந்த விருட்சங்கள் அவ்வனத்தில் எத்தனையோ இருக்க, இன்னல்களே சிற்பியாக நின்று செதுக்கிய இந்த மரத்தை அம்மேதைகள் நாடிச் சென்றார்கள் என்பதில்தான் கலையுள்ளத்தின் இயல்பு நமக்குப் புலனாகிறது. 1970களின் கடும் வறட்சியில், அன்பர்கள் வாளிகளில் நீர் சுமந்து சென்று ஊற்றியும் பட்டுப்போன அம்மரம், அதன் பின்னரும் கால் நூற்றாண்டு நின்று, 2003இல் சாய்ந்தது. அதுவரையில் பயணிகளும் புகைப்படக் கலைஞர்களும் அச்சிகரத்திற்கு ஏறிவந்த வண்ணமே இருந்தனர்.