உங்களுக்குத் தெரியுமா? மார்கழியில் கீசர் மண்டையைப் போட்டால்...

சிவகிரி. மார்கழி விடியற்காலை. மலைக்காற்று வேறு. கீசர் அவுட்! மெக்கானிக் பொங்கல் கழித்துத்தான் வருவாராம். வரட்டும், அவசரமில்லை. அதற்குள் நீங்கள் வாய்பிளக்கக் கொஞ்சம் சங்கதிகள் பிடித்து வைத்திருக்கிறேன்!

ஒரு வாளி வெந்நீருக்கு ஒரு வாளித் தண்ணீரையும் காய்ச்ச வேண்டியதே இல்லை! வாளியில் 12 லிட்டர் பச்சைத்தண்ணீர். அதில் தளதளவென்று கொதிக்கிற 3 லிட்டரைக் கொட்டுங்கள். குழாய்த் தண்ணீர் 22 டிகிரியில் இருந்தாலும் வாளி 38 டிகிரியைத் தொட்டுவிடும். உங்கள் உடம்புச் சூடே 37தான்!

அந்த 3 லிட்டர் கொதிக்க எவ்வளவு கேஸ் ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 35 கிராம்! 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் 400 குளியல்!

"நல்லா கொதிக்கட்டும்" என்று அடுப்பை அணைக்காமல் நிற்பவரா நீங்கள்? எவ்வளவு நேரம் நின்றாலும் தண்ணீரில் ஒரு டிகிரிகூட ஏறாது. கேஸ் முழுக்க ஆவியாகத்தான் போகும். ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க ஆகும் சூட்டைப்போல, அதை வற்றடிக்க 7 மடங்கு வேண்டும்!

கொடைக்கானலில் கீசர் கெட்டால் நிலைமை இன்னும் மோசம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் கெஞ்சினாலும் ஏறாது!

வெளியே காற்று 22 டிகிரி. நடுங்கவில்லை. வாளித் தண்ணீரும் 22 டிகிரி. ஒரு செம்பு ஊற்றினால் அலறுகிறீர்கள்! ஏன்? உடம்புச் சூட்டைத் தண்ணீர் காற்றைவிட 24 மடங்கு வேகமாகக் கடத்துகிறது!

ஆனால் இதே ஆள்தான் ஆனி, ஆடியில் குற்றாலம் போய், சாரலில் வரிசையில் நின்று, ஜில்லென்ற பேரருவிக்குள் தலையை விடுகிறார். அப்போது குளிர் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் கிடையாது!

குற்றாலம் என்றதும் நான் தேடிப் பிடித்த முத்து ஒன்று. அருவியில் விழுகிற தண்ணீர் சூடாகிறது! சத்தியம்! விழுகிற வேகம் கீழே மோதியதும் சூடாக மாறிவிடும். 1847-ல் ஜேம்ஸ் ஜூல் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போனார். கையில் என்ன இருந்தது தெரியுமா? நீளமான ஒரு தெர்மாமீட்டர்! அருவியின் மேலேயும் கீழேயும் சூட்டை அளக்கத் திட்டம். வழியில் அவரைச் சந்தித்த கெல்வின் பிரபுவே சொல்லிவைத்த கதை இது. புதுமனைவி என்ன சொன்னார் என்பதுதான் கதையில் இல்லை!

சரி, நம் பேரருவி? உயரம் சுமார் 60 மீட்டர். அங்கிருந்து விழுந்தால் தண்ணீர் எவ்வளவு சூடாகும்? 0.14 டிகிரி! இந்த முறையில் வெதுவெதுப்பாகக் குளிக்க ஆசைப்பட்டால் அருவியின் உயரம் 7,700 மீட்டர் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட எவரெஸ்ட்!

பரண்மேல் பாட்டி காலத்துச் செம்பு பாய்லர் கிடக்கிறதா? இறக்குங்கள்! எவர்சில்வரைவிடச் செம்பு 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதை மிஞ்சும் உலோகம் வெள்ளி ஒன்றுதான். வெள்ளியில் பாய்லர் செய்ய ஜமீனாலும் முடியாது!

அந்த பாய்லரின் சூட்சுமமே நடுக்குழாய்தான். நெருப்பும் புகையும் தண்ணீரின் நட்டநடுவே ஏறிப்போகும். சுற்றிலும் தண்ணீர். வெளியே போகும் புகைகூடப் போகிற போக்கில் தண்ணீரைச் சுட்டுவிட்டுத்தான் போகும். பாட்டிக்கு இயற்பியல் யார் சொல்லிக்கொடுத்தார்கள்!

விறகே வேண்டாம், சிரட்டை போதும். ஒரு கிலோ சிரட்டையில் அடங்கிய சூடு முழுதாகத் தண்ணீரில் இறங்கினால் 17 பேர் குளிக்கலாம்! பாதி புகையோடு போனாலும் 8 பேர்!

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த விறகையோ பச்சை விறகையோ திணிக்கிறீர்களா? அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர்தான். உங்கள் குளியலுக்கு முன்னால் விறகு குளித்து முடித்தாக வேண்டும்!

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, மஞ்சள் குங்குமம் வைத்த வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. எந்த கீசராவது பொட்டு வாங்கியிருக்கிறதா?

சில டீக்கடை பாய்லருக்குள் காசு கிடக்கும், கவனித்ததுண்டா? உண்டியல் இல்லை அது! தண்ணீர் கொதித்ததும் காசு கடகடவென்று ஆடும். மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே டிக்காஷனுக்குத் தயார். அலாரத்தின் விலை ஒரே ஒரு நாணயம்!

இன்னொரு வேடிக்கை. பாய்லர்களுக்கென்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. 2025-ல் புதுச் சட்டமும் வந்தாயிற்று. ஆனால் 100 டிகிரிக்குக் கீழே தண்ணீரைச் சூடாக்கும் பாத்திரம் அந்தக் கணக்கில் வராது. ஆக, உங்கள் குளியலறை பாய்லர் சட்டத்தின் கண்ணில் பாய்லரே இல்லை!

பாய்லர் இல்லை, ஹீட்டர் ராடுதான் இருக்கிறதா? 1,500 வாட் ராடு 15 லிட்டரை 22-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற 12 முதல் 13 நிமிடம். அதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம்!

செலவு? மூன்றில் ஒரு யூனிட்! தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதாவது 300 குளியல்! தினம் 5 பேர், 60 நாள். லைட், மிக்சி, டிவி எதையும் தொடக்கூடாது, அவ்வளவுதான்!

ஆனால் இதைப் படிக்காமல் ராடைத் தொடாதீர்கள். உயிரைக் காக்கும் டிரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படிதான் வைக்கிறார்கள். உங்கள் ராடில் ஓடுவது 6,500 மில்லி ஆம்பியர். 200 மடங்குக்கும் மேல்! தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பதற்கு முன்னால் சுவிட்சை அணையுங்கள். பிளக்கையும் பிடுங்குங்கள்!

கேஸ் கீசரா? ஜன்னல் திறந்திருக்கிறதா? எரிவாயு அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்!

இந்த கேஸ் கீசரை முதலில் செய்தவர் யார் தெரியுமா? பெயின்டர்! லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் மான். ஆண்டு 1868. புகை வெளியேறக் குழாயே வைக்காமல் செய்தார், மகாராசன்!

வெயிலில் வெந்நீர் போடுவது நேற்று வந்த புதுமை என்று நினைத்தீர்களா? அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் சோலார் வாட்டர் ஹீட்டருக்குக் காப்புரிமை வாங்கியது 1891-ல்!

தண்ணீர் 60 டிகிரியில் இருந்தால் தோல் வெந்துபோக எவ்வளவு நேரம்? 5 விநாடி! 49 டிகிரி என்றால் 5 நிமிடத்துக்கு மேல். வெறும் 11 டிகிரி வித்தியாசம்! வீட்டில் குழந்தை இருந்தால் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகுதான் வெந்நீர்.

கீசர் ஏன் படுத்தது? போர் தண்ணீரில் இருக்கும் உப்பாகக்கூட இருக்கலாம். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு உப்போ நேரெதிர்! சூடேற ஏற வெளியே வந்து காயிலில் பாறையாக ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பாறைக்கு எதிரி? எலுமிச்சை! ராடில் வெள்ளையாகப் படிந்ததை எலுமிச்சைச் சாற்றில் ஊறவிட்டால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். சிவகிரிக்காரர்களுக்கு என்ன கவலை! வாசுதேவநல்லூர் தாண்டினால் புளியங்குடி. புவிசார் குறியீடு வாங்கிய எலுமிச்சை ஊர்!

அதே சாலையில் வடக்கே போனால் ராஜபாளையம், அதைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழியில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு. தைலத்தில் எத்தனை மூலிகை? 61! காய்ச்ச எத்தனை நாள்? 40! நீங்கள் 3 லிட்டர் தண்ணீருக்கே அலுத்துக்கொள்கிறீர்கள்!

திருகோணமலைக்காரர்களுக்கு கீசர் பூமிக்கடியிலேயே இருக்கிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகள். பக்கத்துப் பக்கத்தில் 7 கிணறு. ஏழிலும் ஏழு விதச் சூடு! ராவணன் தோண்டியது என்பது ஊர்க்கதை.

இமாச்சலத்தின் மணிகரணில் குளிப்பது என்ன பிரமாதம், சோறே பொங்குகிறார்கள்! ஊற்றுக்குள் பாத்திரத்தை இறக்கினால் அரிசி வெந்துவிடும். அடுப்புச் செலவு சைபர்! ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீட்டுக்குப் பூமிச் சூடுதான் கதகதப்பு.

கடைசிக் கண்டுபிடிப்பு, எனக்கே மிகவும் பிடித்தது! மார்கழிக் காலையில் எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்கிறதல்லவா? அதில் வெந்நீர் போட்டார் ஒருவர்! பிரான்சைச் சேர்ந்த ஜான் பெய்ன். 1970-களில். புதர்ச்செடிகளை நொறுக்கி 50 டன் குப்பைமேடு. உள்ளே சுருட்டிவிட்ட நீளக் குழாய். நெருப்பில்லை, கரண்டில்லை. மறுமுனையில் 60 டிகிரி வெந்நீர், நிமிடத்துக்கு 4 லிட்டர், ஆறு மாதம்! நாள் கணக்கில் பாருங்கள்: 5,760 லிட்டர்!