பூட்டு பத்திரம், பாதை பத்திரமா?

ஒரு கடிதத்தை மூன்று உறைகளில், ஒன்றுக்குள் ஒன்றாக இட்டு, மூன்று ஆட்கள் வழியாக அனுப்புவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் ஓர் உறையைப் பிரித்து, அதனுள் கண்ட முகவரிக்கு அனுப்புவார். அனுப்பியவர், பெறுபவர் இருவரையும் அறிந்தவர் அவர்களுள் எவருமிலர். 2002-இல் வெளிவந்த 'டோர்' என்னும் வலையமைப்பு இவ்வாறே மூன்று கணிப்பொறிகள் வழியாக, இணையத்தில் நம் அடையாளத்தை மறைக்கிறது. ஊழலை வெளிப்படுத்தும் பத்திரிகையாளருக்கு இது உயிர்க்காவல்.

ஆனால், அக்கணிப்பொறிகளுக்கிடையே செய்தி பல நிறுவனங்களின் வடங்கள் வழியே செல்கிறது. அவ்வழியை டோர் தீர்மானிப்பதில்லை. நிறுவனங்கள் தமக்குள் 'பி.ஜி.பி.' என்னும் நெறிமுறைப்படி தீர்மானிக்கின்றன. செய்தி நுழையும் வழி, வெளியேறும் வழி இரண்டும் ஒரே நிறுவனத்திடம் அகப்பட்டால்? உறையைப் பிரிக்கவே வேண்டாம்! இங்கே நுழைந்த தகவலின் அளவையும் நேரத்தையும், அங்கே வெளிவந்ததோடு ஒப்பிட்டால் போதும், ஆள் பிடிபட்டுவிடுவார்.

இணையத்தில் போகும் வழியும் திரும்பும் வழியும் வேறாக இருக்கலாம். ஒவ்வொரு முனையிலும் இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கவனித்தாலே போதும் என்று 2015-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வுக் குழு காட்டியது.

எனவே, பூட்டு எவ்வளவு உறுதியானது என்று மட்டும் கேட்டால் போதாது. பெட்டி யார் வீட்டு வாசல் வழியாகப் போகிறது என்றும் கேட்க வேண்டும் அல்லவா?