இருட்டுக் குகையில் வாழும் பெரணிகள்: கண்டுபிடிப்பே ஆபத்தாக மாறுவது எப்படி?

குகை என்றதும் என்ன ஞாபகம் வரும்? இருட்டு, வௌவால், சொட்டுச் சொட்டாக நீர் வடியும் பாறை. செடி? வாய்ப்பே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால், தென்மேற்குச் சீனாவில் சில சுண்ணாம்புக்கல் குகைகளின் வாசலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால், பாறை இடுக்குகளில் சின்னச் சின்னப் பெரணிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சில, கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த ஒரு குகையைத் தவிர வேறெங்கும் பதிவாகாதவை.

ஒரு செடியின் மொத்த உலகமே ஒரு குகை வாசல் என்றால், அந்த வாசலுக்கு ஏதாவது ஆனால் கதை முடிந்தது. அதனால்தான் இந்தச் சின்னப் பெரணிகள் முக்கியமாகின்றன.

பெயரே அட்ரஸ்!

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மிசௌரி தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த லி-பிங் ஜாங், சோங்கிங் நார்மல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹை ஹே ஆகியோர், சீனாவின் சுண்ணாம்புக்கல் பகுதிகளிலிருந்து ‘பாலிஸ்டிக்கம்’ என்ற பேரினத்தில் பல புதிய பெரணிகளை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினர். ஒன்றின் பெயர் ‘கேவர்னிகோலா’, இன்னொன்று ‘ஸ்பெலுன்சிகோலா’. லத்தீனில் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: குகையில் குடியிருப்பது. மூன்றாவது ‘புட்டெய்கோலா’. கிணறு போன்ற பள்ளத்தில் வாழ்வது என்று பொருள். நிலம் உள்வாங்கி உருவான ஒரு ஆழமான குழியில் கிடைத்ததால் அந்தப் பெயர்.

பார்ப்பதற்கு எல்லாப் பெரணியும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, புது இனம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இலையின் வடிவம், தண்டிலுள்ள செதில்கள் ஆகியவற்றை முதலில் ஒப்பிடுவார்கள். பிறகு, தூசி போலிருக்கும் வித்துத் தூள்களின் மேற்பரப்பை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கடைசியாக டிஎன்ஏ ஒப்பீடு. எல்லாமே ஒரே திசையைக் காட்டினால், அது புது இனம் என்ற முடிவு உறுதியாகும்.

ஏன் இந்தப் பகுதியில் மட்டும் இத்தனை?

காரணம் நிலத்தின் அமைப்பு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குகை, பள்ளம், நிலத்தடி ஆறு என்று உருவாக்குகிறது. இதைத்தான் ‘கார்ஸ்ட்’ நிலம் என்கிறார்கள். குய்சோ மாகாணத்தில் இருக்கும் 500 மீட்டர் விட்டமுள்ள ‘ஃபாஸ்ட்’ ரேடியோ தொலைநோக்கியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிரம்மாண்டத் தட்டு உட்கார்ந்திருப்பதும் இயற்கையாக உருவான ஒரு கார்ஸ்ட் பள்ளத்தில்தான். தென் சீனக் கார்ஸ்ட் பகுதிகள் 2007-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இங்கே ஒவ்வொரு குகையும் ஒரு தனித் தீவு மாதிரி. ஒரு குகையின் ஈரமும் நிழலும் பழகிப்போன செடிக்கு, வெளியே வெயிலடிக்கும் மலைச்சரிவு கடல் மாதிரி. எளிதில் தாண்ட முடியாது. ஆக, அங்கேயே தங்கித் தனி இனமாக மாற வாய்ப்பு அதிகம்.

வெளிச்சம் இல்லாமல் எப்படி வாழ்கிறது?

முழு இருட்டில் எந்தப் பச்சைச் செடியும் வாழாது. பெரணிகள் இருப்பது வாசலுக்கும் முழு இருட்டுக்கும் நடுவிலுள்ள அரையிருட்டுப் பகுதியில். இந்தக் குகைகளில் வெளிச்சம் எவ்வளவு குறையலாம் என்பதற்கு ஒரு உதாரணம்: குவாங்சி பகுதியில் 2012-ல் விவரிக்கப்பட்ட ‘பைலியா கேவர்னிகோலா’ என்ற குகைச் செடி (இது பெரணி அல்ல), வெளியே உள்ள பகல் வெளிச்சத்தில் வெறும் 0.04 சதவீதம் கிடைக்கும் இடத்திலும் வளர்கிறது. அதாவது, 10,000-ல் 4 பங்கு!

பெரணிகளிடம் இதற்கு ஒரு பழைய ‘டெக்னிக்’ இருக்கிறது. இன்றுள்ள பெரும்பாலான பெரணிகளில் ‘நியோக்ரோம்’ என்ற ஒளி உணரி உண்டு. சிவப்பு, நீலம் என இரண்டு ஒளியையும் ஒரே புரதம் உணர்ந்து, மங்கலான வெளிச்சம் வரும் பக்கம் செடியை வளைக்க உதவுகிறது. இந்த மரபணு பெரணியின் சொந்தச் சொத்தே இல்லை. ஹார்ன்வொர்ட் எனப்படும் பாசி போன்ற சிறு தாவரத்திலிருந்து, சுமார் 17.9 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரணிக்குத் தாவியது என்று 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

குகையின் ஈரமும் ஒரு வரம்தான். பெரணியில் பூ கிடையாது, விதையும் கிடையாது. கருவுற வேண்டுமென்றால் ஆண் செல் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திப் போக வேண்டும். எப்போதும் கசியும் பாறை அதற்கு வசதி.

இது ஏதோ ஒன்றிரண்டு செடியின் கதையும் அல்ல. தென்மேற்குச் சீனாவில் 60 குகைகளுக்கு மேல் ஆராய்ந்த ஒரு குழு, 418 தாவர இனங்களைப் பட்டியலிட்டு 2018-ல் வெளியிட்டது. அதில் 7 சதவீதம், குகையைத் தவிர வேறெங்கும் அறியப்படாதவை.

கண்டுபிடித்தால் நல்லதுதானே?

இங்கேதான் சிக்கல். பெயர் வைக்காத இனத்தைப் பாதுகாக்கச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது. அதே சமயம், ‘அரிய வகை, இந்த இடத்தில் மட்டும்’ என்று எழுதிவிட்டால், சேகரிப்பாளர்களுக்கு மேப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இதே கார்ஸ்ட் நிலத்தில் அது நடந்திருக்கிறது. 1999-ல் விவரிக்கப்பட்ட ‘கோனியூரோசாரஸ் லூயி’ என்ற பல்லி, செல்லப்பிராணிச் சந்தைக்காகப் பிடிக்கப்பட்டு, முதலில் கண்டெடுத்த இடத்திலிருந்தே துடைத்தெடுக்கப்பட்டது. அதன் உறவுக்காரப் பல்லிகள் இரண்டை 2015-ல் அறிவித்த ஆய்வாளர்கள், இருப்பிடத்தை வேண்டுமென்றே வெளியிடவில்லை.

பறிப்பவர்கள் மட்டும்தான் ஆபத்தா? இல்லை. சுற்றுலாவுக்காகக் குகைக்குள் கலர் கலராக விளக்கு போட்டால், அந்த வெளிச்சத்தை நம்பிப் பாசியும் வெளியிலிருந்து வரும் சாதாரணச் செடிகளும் முளைக்கத் தொடங்கும். வித்துகளை உள்ளே கொண்டுவருவது பார்வையாளர்களின் செருப்பும் உடையும்தான். பிரான்ஸின் லாஸ்கோ குகை, சுவரில் பச்சைப் பாசி படர்ந்த பிறகு 1963-ல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பாதை அமைக்க வாசலை அகலப்படுத்தினால் ஈரம் குறையும். சிமென்ட்டுக்காக மலையையே வெட்டினால், குகையே இருக்காது.

அப்போ என்னதான் வழி?

முதிர்ந்த செடிகள் 50-க்கும் குறைவாக இருந்தால், அந்த ஒரு காரணமே போதும், ஐயுசிஎன் விதிப்படி ஒரு இனத்தை ‘மிக அருகிய’ வகையில் சேர்க்கலாம். சேர்த்தால் பாதுகாப்புக் கேட்க ஒரு ஆதாரம் கிடைக்கும். வித்துகளைச் சேமித்துத் தாவரவியல் தோட்டத்தில் வளர்ப்பது இன்னொரு காப்பு. ஆனால் தோட்டத்துத் தொட்டியில் அந்தக் குகையைக் கொண்டுவர முடியாது.

மற்றபடி, பெரிய செலவில்லாத வழிகளும் உண்டு. செடி இருக்கும் பக்கம் விளக்கு வேண்டாம். பாதையை விட்டு இறங்க வேண்டாம். அரிய செடியைப் படம் எடுத்தால், லொகேஷனோடு போஸ்ட் போட வேண்டாம். அடுத்த முறை எந்தக் குகைக்குப் போனாலும், உள்ளே ஓடுவதற்கு முன் வாசல் சுவரை ஒரு நிமிடம் பாருங்கள். நீங்கள் சாயப்போகும் அந்தப் பாறைதான் ஏதோ ஒரு செடியின் முழு முகவரியாக இருக்கலாம்.