அமெரிக்கன் மாவும் சீன அரிசியும்

வெள்ளவத்தையில் சில வீடுகளில், கடைக்குப் புறப்படும் பிள்ளையிடம் "ஒரு கிலோ அமெரிக்கன் மா வாங்கி வா" என்று சொல்லியனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. கோதுமை மாவைத்தான் அவ்வாறு சொல்கிறார்கள். அது எந்நாட்டுக் கோதுமையில் அரைத்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நம் வீட்டு மாணவன் ஒருவன் அண்மையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், "அமெரிக்கா நமக்கு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டுவிட்டான். ஒரே சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை.

கொட்டாஞ்சேனையில் வாழ்வோர்க்குத் துறைமுகம் கூப்பிடு தூரம். அத்துறைமுகத்திலிருந்தே நம் விடையைத் தொடங்கினோம். 1952 இல் கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிற்று. நமது இறப்பரின் விலையோ இறங்கிற்று. அமெரிக்காவிடம் கேட்டுப் பார்த்தும் இரண்டுக்கும் ஏற்ற விலை கிடைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்கவின் முயற்சியால், சீனாவுடன் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 2,70,000 தொன் அரிசி வரும். 50,000 தொன் இறப்பர் போகும். சீனா இறப்பருக்குக் கொடுத்த விலை சந்தை விலையினும் கூடுதல். சீனாவுக்கு இறப்பர் விற்கும் நாட்டுக்கு உதவி இல்லை என்பது அமெரிக்கச் சட்டம். ஆதலால் 1956 வரை நமக்கு அவ்வுதவி எட்டவில்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் செய்த டட்லி சேனநாயக்கவின் அரசு பொதுவுடைமையை அறவே வெறுத்த அரசு. அதே கட்சியைச் சேர்ந்த பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டில், சீனப் பிரதமர் சூ என் லாயும் கலந்துகொண்டிருக்க, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமும் ஒருவகைக் குடியேற்றவாதமே என்று பேசினார். பேச்சு வேறு, சோற்றுப்பானை வேறு! சிறிய நாட்டை இதற்காகக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

அடுத்த பிணக்கு எண்ணெயால் வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்காகக் கையேற்றது. நட்டஈடு தீராததால், 1963 இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1965 இல் ஆட்சி மாறி, நட்டஈட்டுக்கு இணக்கம் கண்டபின்னரே உதவி மீண்டது.

இவையெல்லாம் நாடு முழுவதற்கும் பொதுவான கதை. ஆனால் நாடு முழுவதும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லையே! 1997 ஒக்டோபரில் அமெரிக்கா விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத இயக்கமெனப் பட்டியலிட்டபோது தென்னிலங்கையிற் பலர் மகிழ்ந்தனர். தமிழருட் பலர் மனம் கசந்தனர். 2012 மார்ச் 22 இல் இலங்கை குறித்து ஜெனீவா மனித உரிமை மன்றத்தில் அமெரிக்கா தீர்மானம் கொண்டுவந்தபோது நிலை தலைகீழாயிற்று. கொழும்பு வீதிகளில் அதற்கெதிராக ஊர்வலங்கள் சென்றன. காணாமற்போன மகனின் படத்தை மடியில் வைத்திருந்த தாய்மாரோ அத்தீர்மானத்தை ஒரு கதவுபோலப் பார்த்தனர்.

அன்றைய வாக்கெடுப்பே உலகின் கண்களைக் காட்டும் ஒரு படம். ஆதரவு 24, எதிர்ப்பு 15, நடுநிலை 8. ஆதரித்தோருள் போலந்து, ஹங்கேரி, ருமேனியா இருந்தன. சேர் ஜோன் பாண்டுங்கில் குறிப்பிட்டது இத்தகைய நாடுகளையே. மொஸ்கோவின் பிடியில் இருந்தவர்களுக்கு வாஷிங்டன் தொலைவிலிருந்த துணையாகத் தோன்றியதில் வியப்பில்லை. எதிர்த்தோருள் கியூபா இருந்தது. 1960 களிலிருந்து அமெரிக்க வர்த்தகத் தடையைச் சுமக்கும் தீவு வேறெவ்வாறு வாக்களிக்கும்? ஏறத்தாழ அரை நூற்றாண்டு அமெரிக்க ஆட்சியிலிருந்த பிலிப்பைன்சும் எதிர்த்தது. ஆசிய உறுப்பினருள் ஆதரித்தது இந்தியா மட்டுமே. அங்கே தமிழகத்தின் குரல் டில்லிவரை கேட்டிருந்தது.

தீர்மானத்தைக் கொண்டுவந்த அமெரிக்காவே 2018 ஜூனில் அம்மன்றத்தைவிட்டு விலகியது. விலகியதற்குக் கூறிய காரணங்களில் இலங்கை இல்லை. இஸ்ரேலைப் பற்றிய மன்றத்தின் போக்கே பெரிதும் பேசப்பட்டது. படத்தை மடியில் வைத்திருந்த தாய்மாருள் சிலர் அதற்குள் இறந்தும் போயினர். இதனைச் சொல்லும்போது மாணவன் மட்டுமன்றி நாமும் சிறிது நேரம் பேசாதிருந்தோம்.

பிறகு அவன் 24 நாடுகளின் பட்டியலைக் கேட்டு வாங்கினான். ஒவ்வொரு நாட்டின் சரித்திரத்தையும் தேடி, வாக்குக்குக் காரணம் எழுதப்போவதாகச் சொன்னான். போலந்தும் ஹங்கேரியும் விரைவாக முடிந்தன. இப்போது குவாத்தமாலாவில் நிற்கிறான். 1954 இல் அந்நாட்டு மக்கள் தெரிந்தெடுத்த அரசைக் கவிழ்த்ததில் அமெரிக்க உளவுத்துறைக்குப் பங்குண்டு; அந்தக் குவாத்தமாலா ஏன் அமெரிக்காவுடன் சேர்ந்து கை உயர்த்தியது என்று நம்மைக் கேட்கிறான்.