செவியாலும் விரலாலும் ஒரு பாடம்



ஒரு வகுப்பில் முப்பது மாணவர் அமர்ந்திருப்பின், அவர்கள் அனைவரும் ஒரே வழியிற் கற்பாரல்லர். ஒருவருக்குக் கண்பார்வை குன்றியிருக்கலாம். மற்றொருவர் கூரிய அறிவுடையவராயினும் எழுத்துக் கூட்டி வாசிக்க இடர்ப்படலாம். அச்சிட்ட நூலோ எல்லோருக்கும் ஒரே உருவிலேயே பாடத்தை நீட்டுகின்றது.

இக்குறையை நீக்க முயன்றவருள் முதன்மையானவர் பிரான்சு நாட்டு லூயி பிரெயில். 1824ஆம் ஆண்டளவில், பதினைந்து வயதிலேயே, விரலாற் படிக்கத்தக்க ஆறு புள்ளி எழுத்துமுறையை அவர் வகுத்தார். ஆயினும், ஒவ்வொரு நூலையும் அம்முறையிற் புதிதாக ஆக்கவேண்டியிருந்தது.

கணினி இந்நிலையை மாற்றிற்று. எவ்வாறெனில், அது எழுத்தை மையுருவாகவன்றி எண்ணாகவே நினைவில் வைக்கின்றது. 1991இல் வெளிவந்த யூனிக்கோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில், நமது ‘அ’ என்னும் எழுத்துக்குரிய எண் 2949. அவ்வெண்ணைக் கொண்டு கணினி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டலாம், குரலாக ஒலிக்கலாம், எழுந்து தாழும் சிறு ஊசிமுனைகளாற் பிரெயிற் புள்ளிகளாகவும் தரலாம். பாடம் ஒன்றே, அதனை அடையும் வாயில்கள் பல.

2006ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கறன் என்பார், தாமே பார்வையற்றவராயிருந்தும், திரையிலுள்ளதை வாசித்துக் கூறும் ‘என்விடிஏ’ என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். அஃது இலவசமாகவே கிடைக்கின்றது. தமிழையும் வாசிக்க வல்லது.

அங்ஙனமாயின் நம் பிள்ளைகளின் குறை தீர்ந்ததா? இல்லை. காரணம் பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளது. நம்மிற் பலர் இன்றும் ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களிற் பாடக் குறிப்புகளைத் தட்டெழுதுகின்றோம். திரையில் ‘அம்மா’ என்று அழகாகத் தோன்றும் சொல், கணினியின் நினைவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கின்றது. கண்ணுள்ள பிள்ளை ‘அம்மா’ என்று வாசிக்க, செவியாற் படிக்கும் பிள்ளைக்குப் பொருளற்ற ஓசையே எஞ்சுகின்றது. நூற்பக்கத்தை நிழற்படமாக எடுத்து அனுப்பினாலும் இதே இடர்தான். அதிலிருப்பது எழுத்தன்று, எழுத்தின் படமே.

ஆகவே, ஆசிரியர்கள் செய்யத்தக்கவை மூன்று. குறிப்புகளை யூனிக்கோட்டில் எழுதுக. படங்களின் பொருளை ஓரிரு வாக்கியங்களிற் சேர்த்துரைக்க. மாணவரிடம் கொடுக்குமுன், கணினியை ஒருமுறை வாசிக்கச் செய்து, கண்களை மூடிக் கேட்டுப் பார்க்க. வாசிக்க இடர்ப்படும் மாணவருக்கும், ஒலியைக் கேட்டவாறே எழுத்தைக் கண்ணாற் பின்தொடர்வது பெருந்துணையாகும்.

கருவி ஆசிரியருக்கு ஈடாகாது. அதன் குரலில் அன்பும் ஊக்கமும் இரா. ஆனால், பின்வரிசையில் வாளாவிருந்த பிள்ளையும் வினாவுக்கு விடையளிக்கக் கையுயர்த்தும் நாளை அது விரைந்து கொணரும். அந்நாள் வருவது, நாம் எழுதும் முறையைப் பொறுத்தது.